பத்து மணிக்குத் திரும்பிய நூலகம்

கொக்கரசநல்லூர் நூலகத்துக் கணினி அறையில் மூன்று பேர் வேலை பார்த்தார்கள். மூவருக்கும் சேர்த்து மூளை ஒன்றாவது இருக்கும் என்று ஊரில் நம்பினார்கள்.

அறைப் பொறுப்பாளர் வேதாசலத்துக்கு அன்று கடைசிக் கெடு. நாலு மணிக்குள் கணினி ஒழுங்காக ஓடாவிட்டால் அறையைப் பூட்டி, அவரை அடித்தளக் கிடங்குக்கு அனுப்பிவிடுவதாகத் தலைமை நூலகர் அம்மா சொல்லியிருந்தார். கிடங்குக்கு முப்பத்திரண்டு படி. வேதாசலத்தின் முழங்கால் எட்டுக்கு மேல் எண்ணாது.

லினக்ஸ் என்ற இயங்குதளத்தில் ஓடும் அந்தக் கணினிக்கு நிரல்கள் பொதி பொதியாக வந்து இறங்கும். இறக்கி வைக்கும் பழைய கருவி பாதியில் நின்று எல்லாவற்றையும் குழப்பிவிடும். அதை மதுரவாணி என்ற பொறியாளர் புதிதாக எழுதிக் கொடுத்திருந்தாள்.

"வந்தா எல்லாப் பொதியும் வரும் சார்," என்று போனில் சொன்னாள். "ஒண்ணு தவறினாலும் எல்லாம் ஆரம்பிச்சப்போ இருந்தபடியே திரும்பிடும். அப்புறம் அதுவே மறுபடி முயற்சி பண்ணும்."

காலை பத்து மணிக்கு, கணினியை இயக்கும் செண்பகவடிவு பொத்தானை அமுக்கினாள். மதியம் இரண்டு மணிக்குத் திரையில் எழுத்து வந்தது: 'ஒரு பொதி தவறியது. எல்லாம் பத்து மணி நிலைக்குத் திரும்புகிறது.'

"எல்லாம்னா, நாமளுமா?" என்றான் உதவியாளன் பிச்சாண்டி.

"பிச்சாண்டி நீங்கலாகன்னு போடலியே," என்றாள் செண்பகவடிவு.

வேதாசலம் கண்ணை மூடி யோசித்தார். "நாம திரும்பலைன்னா பாதியில நின்ன மாதிரி ஆயிடும். கணினி கெட்டுப்போகும். பத்து மணிக்கு யார் யார் எப்படி இருந்தோம்?"

"நான் மழையில தொப்பலா நனைஞ்சிருந்தேன்," என்றாள் செண்பகவடிவு.

வெளியே வெயில் கொளுத்தியது. பிச்சாண்டி ஒரு வாளித் தண்ணீரை அவள் தலையில் மரியாதையாக ஊற்றினான்.

"நான் பசியோட இருந்தேன் சார். இப்ப ஆறு இட்லி உள்ள இருக்கு."

"எப்ப செரிக்கும்?"

"சாயங்காலம் ஆயிடும்."

"அதுவரைக்கும் முகத்தையாவது பசியா வெச்சுக்க."

வேதாசலம் பத்து மணிக்கு ஏழாம் நம்பர் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தார். போய் ஏறினார். பஸ் முழுக்க இடம் காலி, நின்றார். முழங்கால் கெஞ்சியது, நின்றார். பஸ் ஊரைச் சுற்றிச் சுற்றி வந்தது.

நாலு மணிக்குப் போன் அடித்தது. தலைமை நூலகர்தான்.

"கணினி அழகா ஓடுது வேதாசலம். மறுமுயற்சியில எல்லாப் பொதியும் வந்திடுச்சு. அறை உங்களுக்கே. எங்க இருக்கீங்க?"

"பஸ்ஸுல அம்மா. இப்ப வர முடியாது. காலையில ஒருத்தர் என் காலை மிதிச்சுக்கிட்டு நின்னார். அவரைக் காணோம். அவர் வந்து மிதிக்காம நான் முழுசாத் திரும்பினதா ஆகாது."

"அவர் வரவே இல்லைன்னா?"

"எல்லாரும் நேத்து நிலைக்குத் திரும்பிட வேண்டியதுதான்."

"நேத்து ஞாயித்துக்கிழமை."

"அதான் கேக்கறேன். லீவு நாள்ல நீங்க அங்க என்ன பண்றீங்கம்மா?"

"அட, லீவாச்சே," என்றார் அம்மா. பிறகு விளக்குச் சுவிட்சுகள் ஒவ்வொன்றாக அணைகிற சத்தமும், கதவைப் பூட்டுகிற சத்தமும் வேதாசலத்தின் காதில் தெளிவாக விழுந்தன.