தூங்கும்போதும் ஓடுன மான்குட்டி

என்னடா, எல்லாரும் சாமி செலை மாதிரி உக்காந்திருக்கீங்க? எங்க, நான் பத்து எண்றதுக்குள்ள ஒருத்தனும் அசையக் கூடாது. ஒண்ணு, ரெண்டு... போச்சு. மூணு பேரு மூக்கைச் சொறிஞ்சாச்சு, ஒருத்தன் பக்கத்துல இருக்கறவனைக் கிள்ளியாச்சு. நீங்கல்லாம் மானாப் பொறந்திருந்தா ரெண்டாவது நாளே சிறுத்தைக்குச் சாப்பாடு.

ஏன்னு சொல்றேன். ஒரு காட்டுல புள்ளிமான் கூட்டம் ஒண்ணு மேஞ்சுச்சு. மேல மரத்துல நாங்க, குரங்குக் கூட்டம். நாங்க எலையப் பிச்சுக் கீழ போடுவோம், மானுங்க திங்கும். சிறுத்தை வந்தா கத்துவோம், மானுங்க ஓடும். அப்படி ஒரு உறவு.

மானுங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. குட்டி பொறந்ததும் ஒசரமான புல்லுக்குள்ள படுக்க வச்சிட்டு அம்மா மேயப் போயிரும். திரும்பி வர்ற வரைக்கும் குட்டி காதைக்கூட ஆட்டக் கூடாது. ஆட்டுனா சிறுத்தை பாத்துரும்.

வெள்ளாயின்னு ஒரு பெண்மான் குட்டி போட்டுச்சு. குட்டியா அது? கால்ல வெந்நீரைக் கொட்டுன மாதிரி ஒரு எடத்துல நிக்காது. தும்பி பறந்தா பின்னாடியே ஓடும். ஒரு சருகு விழுந்தா பனைமரம் ஒசரம் துள்ளும். படுக்க வச்சிட்டு அம்மா திரும்பினா, அம்மாவுக்கு முன்னாடி போயி நிக்கும்.

கூட்டத்துத் தலைவி நெட்டச்சிக்கும் ஒரு குட்டி. கல்லுன்னு பேரு. போட்ட எடத்துல கெடக்கும். எல்லாம் தன் வளப்புன்னு நெட்டச்சிக்குப் பெருமை.

ஒருநாள் வெள்ளாயி குட்டி துள்ளுனதைப் பாத்து சிறுத்தை பாஞ்சு வந்துச்சு. மயிரிழையில தப்பிச்சாங்க. அப்புறம் கூட்டம் கூடுச்சு. செல்லம் குடுத்துக் கெடுத்துட்டான்னு ஒரு மான். தாய் சரியில்லேன்னு இன்னொண்ணு. நாலு முட்டு முட்டினா சரியாப் போயிரும்னு ஒரு கொம்பன்.

கடைசியா நெட்டச்சி சொன்னா: "நாளைக்குப் பொழுது சாயறதுக்குள்ள இது அடங்கணும். இல்லேன்னா நீயும் உன் பிள்ளையும் கூட்டத்தை விட்டுப் போயிருங்கடி."

தாயும் குட்டியும் தனியாப் போனா என்ன ஆகும்னு அந்தக் காட்டுல யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்ல.

வெள்ளாயி அழுகல. மெதுவாக் கேட்டா: "அக்கா, வளக்கத் தெரிஞ்சவங்க நீங்கதான். நாளைக்கு ஒருநாள் குட்டிய மாத்திக்குவோமா?"

நெட்டச்சிக்குப் பெருமையில மூக்கு வெடைச்சிருச்சு. சரின்னுட்டா.

மறுநாள் கல்லு, வெள்ளாயிகிட்டயும் கல்லாவே கெடந்துச்சு. அந்தப் பக்கம் நெட்டச்சி பாடு சொல்லி மாளாது. மெரட்டினா, நக்கிக் குடுத்தா, முட்டினா. குட்டி படுத்துச்சு, எந்திரிச்சுச்சு, படுத்துச்சு, எந்திரிச்சுச்சு. உச்சி வெயில்ல தலைவி மூச்சு வாங்க ஒக்காந்துட்டா. குட்டியும் ஆடி ஓஞ்சு அவ மடியிலயே தூங்கிப் போச்சு.

அப்பதான் அவ பாத்தா. நல்ல தூக்கம். ஆனா நாலு காலும் ஓடிக்கிட்டே இருக்கு. ரெண்டடி தள்ளி ஒரு எறும்பு போகுது, காது அது பக்கம் திரும்புது. காத்து இன்னும் வரவேயில்ல, முதுகு மயிரு சிலுத்துக்குது.

நெட்டச்சி அதோட நெஞ்சுல காதை வச்சா. வச்சவ எடுக்கவே இல்ல. உள்ள, காஞ்ச சருகுமேல ஆலங்கட்டி மழை பெய்யுற மாதிரி ஒரு சத்தம்.

அப்புறம் போயி தன் பிள்ளை நெஞ்சுல வச்சுப் பாத்தா. பாறையில சொட்டுற ஊத்துத் தண்ணி. சொட்டு... சொட்டு.

ஒரே புல்லு, ஒரே தண்ணி, ஒரே காடு.

எல்லாரையும் கூப்பிட்டா. ஒவ்வொரு மானா வந்து காதை வச்சுச்சு. முட்டணும்னு சொன்ன கொம்பன், கொம்பு பட்டுருமோன்னு பயந்து பயந்து குனிஞ்சான். நானும் எறங்கிப் போயி வச்சுப் பாத்தேன். இத்தினிக்கூண்டு உடம்புக்குள்ள எப்படிடா இவ்வளவு பெரிய மழைன்னு இன்னொரு தரம் காதை வச்சேன்.

நெட்டச்சி கேட்டா: "ஏண்டி, இது எப்ப இருந்து இப்படி?"

"வயித்துலயே ஓடிக்கிட்டுத்தான்க்கா இருந்துச்சு. பொறந்த அன்னிக்கே சொன்னேன். சாக்கு சொல்றேன்னுட்டீங்க."

நெட்டச்சி தலையத் தொங்கப் போட்டுக்கிட்டா. அப்புறம் சொன்னா: "இது படுக்காது. அதனால நாம சுத்தி நிப்போம்."

அன்னியில இருந்து கூட்டம் வட்டமா நின்னு மேஞ்சுச்சு. குட்டி ஓடுறதை நிறுத்தல. வட்டத்துக்குள்ள ஓடுச்சு. வெள்ளாயி பயமில்லாம மேஞ்சா.

நீதி: பொறக்கும்போதே படபடன்னு வந்த உடம்பு திட்டினா அடங்காது, பெத்தவளைப் பழிச்சாலும் அடங்காது; நாமதான் கொஞ்சம் எடம் மாறி நிக்கணும். அன்னிக்குக் கூட்டத்துல முதல்ல "ரெண்டு பேரையும் வெரட்டுங்க"ன்னு மரத்துல இருந்து கத்துனது நான்தான். சும்மா, சிரிப்புக்கு.