வெள்ளத்துரையின் குறைகள்

இந்தக் கதையின் முடிவில் ஒரு கேள்வி வரும். விடை தெரிந்தவர்கள் கொஞ்சம் வாயை மூடிக்கொண்டிருந்தால் மற்றவர்களும் யோசிக்கலாம். அவசரப்பட்டு விடையைச் சொல்லிக் கதையைக் கெடுப்பவர் எல்லா வீட்டிலும் ஒருவர் உண்டு. அவரைச் சமையலறைப் பக்கம் அனுப்பிவிட்டுக் கேளுங்கள்.

நத்தக்குளம் என்று ஓர் ஊர். பிள்ளைகள் பிழைப்பைத் தேடி வெளியூர் போய்விட, நோயில் படுத்துவிட்ட பெரியவர்களைப் பகலில் பார்த்துக்கொள்ள அந்த ஊர் மாதர் சங்கம் ஓர் ஏற்பாடு செய்திருந்தது. பயிற்சி பெற்ற பெண் ஒருத்தி காலையில் வீட்டுக்குப் போவாள். குளிக்க வைத்து, மருந்து கொடுத்து, சாப்பிட வைத்துவிட்டுச் சாயங்காலம் திரும்புவாள். நல்ல ஏற்பாடுதான். அதிலும் ஒரு கோணல் இருந்தது. வருடத்துக்கு ஒருமுறை சங்கத்திலிருந்து ஒருவர் போய், குறை ஏதும் உண்டா என்று கேட்பார். குறை வந்த வீட்டுப் பெண்ணுக்கு வேலை போய்விடும். குறை வராத வீட்டுப் பெண் அந்த வீட்டையும் சேர்த்துப் பார்த்துக்கொள்வாள்.

போன மழைக்காலத்தில் அந்த ஊரில் இரண்டு பேருக்குப் பக்கவாதம் வந்தது. ஒருவர் உலகம்மாள், மற்றவர் லாரி ஓட்டி ஓய்ந்த வெள்ளத்துரை. இரண்டு பேரையுமே ஒரு பக்கம் கைகால் விளங்காத நிலையில், ஆஸ்பத்திரியிலிருந்து தூக்கிக்கொண்டுதான் வந்தார்கள். உலகம்மாளுக்குக் கோமதியும் வெள்ளத்துரைக்கு எஸ்தரும் வேலைக்கு அமர்ந்தார்கள். புருஷனை இழந்த எஸ்தர் தன் இரண்டு பெண்களையும் இந்தச் சம்பளத்தில்தான் படிக்க வைத்துக்கொண்டிருந்தாள்.

இந்த வருடம் குறை கேட்கப் போனவர் சங்கச் செயலாளர் ரஞ்சிதம். தையல்கடை வைத்திருப்பவர். யாரைப் பார்த்தாலும் முதலில் துணியைத்தான் பார்ப்பார். தொழில் புத்தி, வேறென்ன செய்ய?

உலகம்மாள் வீட்டில் அவர் கண் குளிர்ந்துவிட்டது. வெள்ளை விரிப்பில் ஒரு சுருக்கம் இல்லை. தலை வாரி, பவுடர் போட்டு, நெற்றியில் திருநீறு பூசி, அந்த அம்மாளைக் கோவில் விக்கிரகம் மாதிரி கிடத்தியிருந்தாள் கோமதி. பாலைக் கரண்டி கரண்டியாக ஊட்டிக்கொண்டிருந்தாள். நெற்றியில் ஈ ஒன்று வந்து உட்கார்ந்தது. உலகம்மாள் கோமதியைப் பார்த்தார். கோமதி ஓடி வந்து விரட்டினாள். விளங்காத கையோடு விளங்குகிற கையும் போர்வைக்குள்ளேயே இருந்தது. குறை உண்டா என்று கேட்டதற்கு, உலகம்மாள் மெதுவாகச் சொன்னார்.

"ஒரு கொறையும் இல்ல தாயி. தங்கமான பிள்ள."

அது பொய்யில்லை. கோமதிக்கு அந்த அம்மாள் மேல் உயிர்.

வெள்ளத்துரை வீட்டில் நிலைமையே வேறு. நாற்காலியில் உட்கார்ந்திருந்த மனிதரின் சட்டை முழுக்க ரசம். மீசையில் பருக்கை. ரஞ்சிதத்துக்கு முகம் சுருங்கிவிட்டது. கேள்வியைக் கேட்கக்கூட விடவில்லை வெள்ளத்துரை, பிடித்துக்கொண்டார். எஸ்தர் பக்கத்தில்தான் நின்றாள். அதற்காக அவர் குரலைத் தாழ்த்தவும் இல்லை.

"கரண்டிய என் கையில குடுத்துட்டு எதுத்தாப்புல உக்காந்து பாத்துக்கிட்டிருக்கா. பாதிச் சோறு வாய்க்குப் போவுது, பாதி சட்டைக்குப் போவுது. உலகம்மாளுக்கு வாய்ச்ச மாதிரி ஒரு பிள்ள எனக்கு வாய்க்கலயே."

சட்டைப் பித்தானைக்கூடப் போட்டுவிடுவதில்லையாம். ஒரு பித்தானை மாட்டுவதற்குள் காப்பி ஆறிவிடுகிறதாம். வலிக்கிறது என்றால், வலிக்கத்தான் செய்யும் என்கிறாளாம். ரஞ்சிதம் எஸ்தரைத் திரும்பிப் பார்த்தார். அவள் மறுப்பாள் என்று எதிர்பார்த்தால், "மாமா சொல்லுறது அம்புட்டும் நெசந்தான்க்கா" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். தன் வேலைக்குத் தானே உலை வைக்கிறாளே என்று ரஞ்சிதத்துக்குச் சங்கடமாகிவிட்டது. மேற்கொண்டு ஏதும் கேட்காமல் விடைபெற்று, முற்றத்தைத் தாண்டித் தெருக்கதவருகே செருப்பை மாட்டும்போது, பின்னாலேயே வந்து சேர்ந்தார் வெள்ளத்துரை. மூச்சு வாங்கியது. கோபம் மட்டும் குறையவில்லை.

"ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். இந்தக் கம்ப கட்டில் பக்கத்துல வைக்க மாட்டேங்கா. அந்தச் சுவத்துல சாத்திட்டு, வந்து எடுத்துக்கிடுங்கங்கா. இதையும் சேத்துச் சொல்லுங்க."

சொல்வதாக வாக்குக் கொடுத்துவிட்டு ரஞ்சிதம் நடந்தார். சங்கத்தில் பேச்சுக்கே இடமில்லை. ஒரு வீட்டில் வாயாரப் புகழ்ச்சி, இன்னொரு வீட்டில் வாய் ஓயாத குறை. விதிப்படி எஸ்தர் போக வேண்டும், இரண்டு வீடும் கோமதிக்கு. கையெழுத்துப் போட வேண்டியவர் ரஞ்சிதம்தான். அவருக்கோ பேனா ஓடவில்லை.

இப்போது சொல்லுங்கள். இருவரில் நன்றாகப் பார்த்துக்கொண்டவள் யார்? அதை ரஞ்சிதம் எதைக் கண்டு முடிவு செய்ய வேண்டும்?

விடை: எஸ்தர்தான். தூக்கி வந்து கிடத்திய மனிதர், தன்னை நடக்க வைக்கிறாள் என்று புகார் சொல்லத் தெருக்கதவு வரை நடந்தே வந்தாரே, அதைவிட என்ன சாட்சி வேண்டும்? அவள் எதிரிலேயே அவளைத் திட்டினார். அந்த அளவுக்கு அவளிடம் அவருக்குப் பயமில்லை, உரிமை. கோமதியின் அன்பிலும் பழுதில்லை. ஆனால் எல்லாவற்றையும் அவளே செய்ததில் உலகம்மாளின் நல்ல கையும் தூங்கிப்போனது. ரஞ்சிதத்துக்கு இது பிடிபட்டதும் சங்கத்தின் விதியையே மாற்ற வைத்தார். குறை உண்டா என்று கேட்பதை விட்டுவிட்டு, போன வருடம் முடியாத எது இப்போது முடிகிறது என்று கேட்கச் சொன்னார். இரண்டு பேருக்கும் வேலை நிலைத்தது. எஸ்தர் சொல்லிக்கொடுத்தபடி கோமதி மனதைக் கல்லாக்கிக்கொண்டு தம்ளரை உலகம்மாளின் கையில் கொடுத்தாள். பல நாள் சிந்திச் சிதறி, ஒரு காலையில் தம்ளர் உதடு வரை போய்ச் சேர்ந்தது. ஒரு மிடறு குடித்துவிட்டு, "என்னட்டி காப்பி இது, சீனியே இல்ல" என்று உலகம்மாள் சிடுசிடுத்தார். கோமதி அழுதுகொண்டே எஸ்தருக்குப் போன் போட்டாள்.