அடுப்பு எரிந்த நாள்

மலையடிவாரத்து மடத்தில் ஒரு வழக்கம். சாவு விழுந்த வீட்டில் அடுப்பு மூட்ட மாட்டார்கள் இல்லையா, அதே மாதிரிதான். உலகத்தில் எந்த மூலையில் குண்டு வெடித்து அப்பாவி ஜனங்கள் செத்தாலும், செய்தி வந்த அன்றைக்கு மடத்து அடுப்பு எரியாது. மடத்தில் இருக்கிற பன்னிரண்டு பேரும் தண்ணீரைக் குடித்துவிட்டுக் கிடப்பார்கள்.

காலையில் முதல் பஸ்ஸில் பேப்பர் வரும். குரு ஏகாம்பர சாமி படிப்பார். படித்துவிட்டு "மூட்டலாம்" என்பார். இல்லாவிட்டால் "இன்னிக்கு வேண்டாம்" என்பார். அவ்வளவுதான்.

சமையல் கந்தவனத்துடையது. சீடர்களிலேயே மூத்தவர், குருவைவிடவும் பத்து வயது பெரியவர். கடலுக்கு அக்கரையில் மணல்துறை என்ற மீன்பிடி ஊரிலிருந்து இருபது வருஷத்துக்கு முன்னால் வந்து சேர்ந்தவர். பேப்பர் படிக்கிற பழக்கமெல்லாம் அவருக்குக் கிடையாது. முந்தின நாள் பேப்பரைக் கிழித்து அடுப்பு மூட்டுவதோடு சரி.

தை மாதம் ஒரு பணக்கார நாட்டின் பெரிய நகரத்தில் குண்டு வெடித்தது. பேப்பர் முழுக்க அதுதான். ஏழு நாட்டுத் தலைவர்கள் விமானம் ஏறிப் போய், கைகோத்துக்கொண்டு தெருவில் நடந்தார்கள். மடத்துக்குக் கீழே இருக்கிற பள்ளிக்கூடத்தில்கூட மெழுகுவத்தி கொளுத்தினார்கள். ஒரு நாள் போதாதென்று குரு மூன்று நாள் அடுப்பை நிறுத்தினார். கந்தவனம் முணுமுணுக்காமல் பட்டினி கிடந்தார். யாரோ எவரோ, அவர்களுக்காக அழவும் செய்தார்.

மாசியில் கந்தவனத்துக்கு ஒரு கடிதம் வந்தது. தம்பி மனைவி எழுதியிருந்தாள். மணல்துறை மீன் சந்தையில் குண்டு. முப்பத்தோரு பேர். அதில் தம்பி குலசேகரமும் ஒருத்தன். வெடித்து ஒன்பது நாள் ஆகியிருந்தது.

கந்தவனம் விரல் மடக்கிப் பார்த்தார். செய்தி வந்திருக்க வேண்டிய அந்த நாள், வெள்ளிக்கிழமை. அன்றைக்குப் புளியோதரை. நன்றாக வந்திருந்தது. இரண்டாம் தடவை போட்டுக்கொண்டு சாப்பிட்டார்.

கடிதத்தை எடுத்துக்கொண்டு நேரே குருவிடம் போனார். கும்பிடவில்லை.

"சாமி, போன வெள்ளிக்கு முந்தின வெள்ளி பேப்பர் படிச்சீங்களா?"

"படிச்சேன்."

"எங்க ஊர் பேர் இருந்துதா?"

குரு கடிதத்தைப் பார்த்தார். கந்தவனத்தின் முகத்தைப் பார்த்தார். புரிந்துவிட்டது.

"இருந்தது."

"எத்தனை வரி?"

"நாலு. உள் பக்கத்துல."

"என்ன போட்டிருந்தான்?"

"அசம்பாவிதம்னு போட்டிருந்தான். ரெண்டு தரப்பும் பொறுமை காக்கணும்னு வெளிநாட்டுத் தலைவர் ஒருத்தர் சொன்னாராம்."

"அந்தப் பெரிய நகரத்துக்கு என்ன போட்டான்?"

"பயங்கரவாதம்னு."

"மீன் வாங்க வந்தவ எந்தத் தரப்பு சாமி?"

குரு தலையைக் குனிந்துகொண்டார்.

"அவன் எப்படியோ எழுதிட்டுப் போறான். நீங்க ஏன் மூட்டலாம்னு சொன்னீங்க?"

சாக்குச் சொல்ல எத்தனையோ இருந்திருக்கும். குரு அதையெல்லாம் தேடவில்லை.

"அங்க அடிக்கடி நடக்கறதுதானேன்னு தோணுச்சு."

"அடிக்கடி செத்தா வலிக்காதா?"

அந்த வெள்ளிக்கிழமைப் பேப்பரையாவது பார்க்கலாம் என்று கந்தவனம் சமையற்கட்டுக்கு ஓடினார். பழைய பேப்பர்க் கட்டைப் பிரித்துத் தேடினார். இல்லை. எப்படி இருக்கும்? மறுநாளே கிழித்து அடுப்பில் வைத்தாயிற்று. தம்பி செத்த செய்தியில்தான் சனிக்கிழமை கஞ்சி கொதித்திருக்கிறது. அப்படியே தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார்.

குரு பின்னாலேயே வந்தார். ஒரு குடம் தண்ணீரைத் தூக்கி எரிகிற அடுப்பில் ஊற்றினார். புகை மண்டிக்கொண்டு வந்தது. ஒன்பது நாள் கழித்து ஊற்றி என்ன பிரயோஜனம்? அது அவருக்கும் தெரியும். மூன்று நாள் அவரும் தரையிலேயே கிடந்தார்.

நான்காம் நாள் காலையில் பேப்பர் வந்தது. குரு அதைப் பிரிக்காமலே கந்தவனத்தின் கையில் கொடுத்தார்.

"இனிமே நீங்க படிங்க. மூட்டறதா வேண்டாமான்னு நீங்களே முடிவு பண்ணுங்க."

"என்னையா? சமையல்காரனையா?"

"எனக்குக் கண்ணு சரியில்லைன்னு காட்டினது நீங்கதானே."

கந்தவனம் எழுத்துக் கூட்டிப் படித்தார். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை, மூலையில் இருக்கிற பொடி எழுத்துகூட விடவில்லை. வாயில் நுழையாத ஊர்களுக்கெல்லாம் அடுப்பு அணைந்தது. ஒரு மாதத்தில் எட்டு நாள் பட்டினி.

"அண்ணே, நீங்க பேப்பர் படிக்கறதுக்கு முன்னாடி உலகம் நல்லாத்தான் இருந்துச்சு" என்றார் இளைய சீடர் சிதம்பரநாதன், வயிற்றைத் தடவிக்கொண்டே.

"உலகம் அப்பவும் இப்படித்தான்டா இருந்துச்சு. உன் வயிறுதான் நல்லா இருந்துச்சு" என்றார் கந்தவனம்.

பங்குனியில் ஒரு நாள் அவர் வழக்கம்போலப் படித்தார். உள் பக்கத்தில் ஓர் இடத்தில் விரல் நின்றது. வெகுநேரம் நின்றது. பிறகு பேப்பரை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போய் அடுப்பை மூட்டினார். உலையில் அரிசியைப் போட்டார். அன்றைக்கு யாரோடும் பேச்சுக் கொடுக்கவில்லை.

குரு வந்து வாசற்படியில் நின்றார்.

"இன்னிக்கு ஒண்ணும் இல்லையா?"

"இல்லை."

குரு போகவில்லை. கந்தவனம் கரண்டியைக் கீழே போட்டார்.

"இருக்கு. கல்யாண பஸ்ஸுல குண்டு. பத்தொன்பது பேரு. எங்க ஊர்க்காரனுங்கதான் வெச்சிருக்கானுங்க."

"எங்கே?"

"மேட்டு நாட்டுல. மணல்துறைச் சந்தையில குண்டு வெச்சானுங்களே, அவனுங்க நாட்டுல."



"பஸ்ஸுல போனவங்களா வெச்சாங்க?" என்றார் குரு.

"தெரியும் சாமி! எனக்குத் தெரியாதா? பொண்ணுக்குப் பதினெட்டு வயசாம். படிச்சேன். படிச்சிட்டுத்தான் மூட்டினேன்." இடுப்பிலிருந்த பேப்பரை உருவித் தரையில் எறிந்தார். "எந்த ஊர்க்காரன் செத்தாலும் நான் பட்டினி கிடக்கறேன். இவனுங்களுக்கு மட்டும் என்னால முடியலை. நான் பண்றது தப்பா?"

குரு உள்ளே வந்து அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். எரிகிற அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"தப்புன்னு சொல்ல எனக்கு வாய் இல்லை, கந்தவனம். இன்னிக்கு இந்த அடுப்பை மூட்டறப்போ உங்களுக்குள்ள தம்பியைப் பறிகொடுத்த ஆத்திரம் இருந்தது. அந்த வெள்ளிக்கிழமை எனக்குள்ள பசி மட்டும்தான் இருந்தது."

கந்தவனம் குனிந்து, எரிகிற அடுப்பிலிருந்து ஒரு விறகை வெளியே இழுத்தார்.