இரண்டரை அடி விட்டு மாட்டிய சிம்னி

கோணமூக்கன்பாளையத்துக்குப் போகிற பஸ் அந்த ஊரோடு திரும்பிவிடும். அதற்கு மேல் ரோடு இல்லை என்பார்கள் டிரைவர்கள். பஸ் திரும்புகிற வேப்பமரத்துக்கு எதிர்வீட்டில் அண்ணன் தம்பிகள் மூன்று பேர் இருந்தார்கள். மூத்தவன் நாச்சிமுத்து, இரண்டாமவன் பொங்கியண்ணன், கடைசி குப்பணன். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே மூளை என்று ஊரில் சொல்வார்கள். அது வீண் அபாண்டம். ஆளுக்கொன்று தனித்தனியாகவே இருந்தது. புழங்காமல் புத்தம் புதிதாக வைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

கெட்டவர்கள் இல்லை, பாவம். சொன்ன சொல்லை ஒரு நூல் மீற மாட்டார்கள். ஒருநாள் நாச்சிமுத்துவின் மனைவி துளசிமணி, "அடுப்புல பால் இருக்குது, பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போனாள். மூன்று பேரும் சுற்றி நின்று பார்த்தார்கள். பொங்கும்போது பார்த்தார்கள், வழியும்போதும் பார்த்தார்கள், பாத்திரம் கருகும்போது இன்னும் கிட்டப் போய்ப் பார்த்தார்கள்.

அதையெல்லாம் துளசிமணி ஒன்பது வருஷமாகப் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாதது தாளிப்புப் புகைதான். அந்தச் சமையலறைக்கு இருந்தது கையகல ஜன்னல். வரமிளகாயை எண்ணெயில் போட்டால் அவளுக்கு இருமல் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் விடாது. கடைசியில் ஒருநாள் பையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அங்கிருந்து போன் வந்தது.

"ஏனுங், சமையக்கட்டுக்கு ஒரு சிம்னி மாட்டுங்க. வெள்ளிக்கெழம பத்தரை பஸ்ஸுக்கு வாரேன். வந்ததும் கடுகு, மொளகா தாளிச்சுப் பாப்பேன். ஒரு இருமல் வந்துச்சு, பஸ்ஸு திரும்பறதுக்குள்ள அதுலயே ஏறிப் போயிருவேன். அப்பறம் தீவாளிக்குத்தான்."

போனை வைத்ததும் நாச்சிமுத்துவுக்கு அழுகையே வந்துவிட்டது. அவள் இல்லாத வீட்டில் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. பொங்கியண்ணன் வடித்த சோறு யாருக்கும் இறங்காது என்பது வேறு விஷயம்.

அன்றைக்கே போய் மண்ணெண்ணெய் விளக்குக்குப் போடுகிற கண்ணாடிச் சிம்னி ஒன்று வாங்கிவந்து, கயிற்றில் கட்டி அடுப்புக்கு மேல் தொங்கவிட்டான். பெருமையாகப் போன் போட்டுச் சொன்னான். துளசிமணி, அது கரண்டில் ஓடுகிற பெரிய பெட்டி, டவுனில் பாத்திரக் கடையில் கிடைக்கும் என்று, குழந்தைக்குச் சொல்வதுபோல நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

புதன்கிழமை மூன்று பேரும் டவுனுக்குப் போனார்கள். கடைக்காரர் பளபளவென்று ஒரு பெட்டியைத் தட்டிக் காட்டினார்.

"இது நல்லா புகை பிடிக்குமுங்க."

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். குப்பணன் அண்ணன் காதில், "நம்ம அய்யன் இருந்தவரைக்கும் வீட்டுக்குள்ள ஒரு பீடி பத்த வெச்சதில்லீங்ணா" என்றான்.

"ஒரு நாளைக்கு எத்தனை பிடிக்குமுங்?" என்று கவலையோடு கேட்டான் நாச்சிமுத்து.

"நீங்க எத்தனை விட்டாலும் பிடிச்சுக்கிட்டே இருக்கும்."

கெட்ட பழக்கம்தான். ஆனால் துளசிமணி வேண்டுமே. வாங்கிவந்தார்கள். அதை வீட்டுக்குள் கொண்டுபோகிறதற்கு முன்னால், கூடத்தில் மாட்டியிருந்த அப்பாவின் படத்தைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்தார்கள். பெரியவர் மனசு நோகக் கூடாது பாருங்கள்.

மாட்டித் தருகிற மெக்கானிக் சனிக்கிழமைதான் வருவாராம். துளசிமணி வருவதோ வெள்ளிக்கிழமை. "நாமளே மாட்டிப்புடலாம். எப்படின்னு தாள்ல எழுதியிருக்குது, எழுதுன மாதிரியே செஞ்சாப் போச்சு" என்றான் நாச்சிமுத்து. எட்டாம் வகுப்பை மூன்று தடவை படித்தவன் அவன். ஆகவே வியாழக்கிழமை காலையில் தாளைப் படிக்கிற பொறுப்பு அவனிடம் வந்தது.

முதல் வரி: "மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு வேலையைத் தொடங்கவும்."

குப்பணனுக்கு வெட்கம் வந்துவிட்டது. "எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலீங்ணா" என்றான். பொங்கியண்ணனுக்கும் ஆகவில்லை. அனுபவம் உள்ளவன் என்று நாச்சிமுத்துதான் போனான். வாசலில் இருந்த மெயின் பெட்டியை இரண்டு கையாலும் சேர்த்து, கண்ணை மூடி, அன்பாகவே அணைத்தான். அணைத்துவிட்டு என்று எழுதியிருந்ததால் பிறகு விட்டும் விட்டான். அவன் தொப்பை அழுத்திய அழுத்தில் சுவிட்சின் பிடி கீழே இறங்கி, வீடு முழுக்கக் கரண்டு நின்றுபோனது.

"அதுக்கும் வெக்கம் வந்திருச்சு போல" என்றான் பொங்கியண்ணன்.

இரண்டாவது வரி: "சிம்னியை அடுப்புக்கு நேர் மேலே, இரண்டரை அடி விட்டு மாட்டவும்."

இங்கேதான் சிக்கல் வந்தது. "அடுப்பை எதுக்குங்ணா அடிக்கோணும்?" என்று கேட்டான் குப்பணன்.

"இத்தனை வருசமா உங்க அண்ணிய இருமவெச்சுதல்ல? அதுக்குத்தான்."

நியாயமாகத்தான் பட்டது. "ரெண்டு அடி சரி. அரை அடி எப்படிங்ணா அடிக்கறது?"

"மெதுவா அடிச்சா அரை அடி" என்றான் பொங்கியண்ணன்.

"மெதுவா அடிச்சாலும் பட்டா அடி அடிதான். ஓங்கறது பாதி, எறக்கறது பாதி. ஓங்கிட்டு நிப்பாட்டிப்புட்டா அரை அடி" என்றான் குப்பணன்.

நாச்சிமுத்து வெகுநேரம் யோசித்து, குப்பணன் கட்சிக்கே தீர்ப்புச் சொன்னான். பொங்கியண்ணன் பூரிக்கட்டையை எடுத்து இரண்டு அடி விட்டான். துளசிமணிக்குச் சீராக வந்த அடுப்பு, பாவம், ஒரு பக்கம் அமுங்கிக்கொண்டது. மூன்றாவதுக்கு ஓங்கி, அப்படியே நிறுத்தினான்.

"சரி, கைய எறக்குடா."

"எப்படிங்ணா எறக்கறது? எறக்குனா மீதி அரையும் சேந்து மூணு அடி ஆயிரும்."

பூரிக்கட்டையை மட்டும் வாங்கிக்கொண்டு, கையை அப்படியே விட்டுவிட்டார்கள். அந்த நிமிஷத்திலிருந்து பொங்கியண்ணன் எல்லா வேலையையும் ஒரு கையாலேயே செய்தான்.

அடி கொடுத்தாகிவிட்டது. இனி நேர் மேலே மாட்ட வேண்டும். அந்த வீட்டில் மேலே என்றால் மொட்டை மாடிதான். 'மேலே போய் வத்தலை எடுத்துட்டு வா' என்றால் மாடிக்குத்தான் போவார்கள். அடுப்பிலிருந்து வாசல் எத்தனை எட்டு, சுவர் எத்தனை எட்டு என்று கீழே எண்ணி, மாடிக்குப் போய் அதேபோல் எண்ணினார்கள். அடுப்புக்கு நேர் மேலே படிக்கட்டுக் கூண்டின் வெளிச்சுவர் இருந்தது. மாட்டுவதற்கென்றே கட்டினாற்போல இருக்கிறதே என்று நாச்சிமுத்து பூரித்துப்போனான்.

மூன்றாவது வரி: "ரசமட்டம் வைத்து, கோணாமல் மாட்டவும்."

கொத்தனார்கள் சுவரில் வைத்துப் பார்ப்பார்களே, நடுவில் குமிழி ஓடுகிற கட்டை, அதுதான் ரசமட்டம். இது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும்.

"என்ன ரசமுன்னு போடலியே. தக்காளியா, மொளகுங்களா?" என்று கேட்டான் குப்பணன். சிம்னியைத் தலைமேல் தாங்கிக்கொண்டிருந்தவன் அவன்தான்.

"நல்ல காரியத்துக்கு மொளகு ரசம் வேண்டாம். தக்காளியே வெச்சிரு" என்றான் நாச்சிமுத்து.

பொங்கியண்ணன் ஒரு கையைத் தூக்கியபடியே கீழே போய் ரசம் வைத்தான். கூடப் போன நாச்சிமுத்து மிளகாய் கிள்ளிப் போட்டதும் புகை குபுகுபுவென்று கிளம்பி இரண்டு பேரையும் இருமவைத்தது. கண்ணில் தண்ணீர் கொட்டியது. இதையா ஒன்பது வருஷம் தினமும் தாங்கினாள் என்று நாச்சிமுத்துவுக்கு அப்போதுதான் உறைத்தது. இருமலுக்கு நடுவே மனசாரக் கொஞ்சம் அழுதுகொண்டான்.

ரசத்தைத் தாம்பாளத்தில் ஊற்றிச் சிம்னி மேல் வைத்தார்கள். சிம்னி இடது பக்கம் சாய்ந்திருந்ததால் இடது காது வழியாகக் குப்பணனுக்கு ரசாபிஷேகம் ஆயிற்று. வலது பக்கம் சாய்ந்தபோது வலது காது. கடைசியில் தாம்பாளத்தின் நாலு ஓரத்திலும் ரசம் ஒரே மட்டமாக நின்றது. அந்த நிமிஷமே ஆணி அடித்தார்கள். அந்தத் தாலுகாவில் அவ்வளவு கோணாமல் நிற்கிற சிம்னி வேறெங்கும் கிடையாது. இதை நான் சத்தியம் பண்ணிச் சொல்வேன்.

நாலாவது வரி: "புகைக்குழாயின் மறுமுனையை வெளியே விடவும்."

மொட்டை வெயிலில் நின்றுகொண்டு மூன்று பேரும் குழாயைப் பார்த்தார்கள்.

"இப்ப நாம எங்க நிக்கறோம்?" என்று கேட்டான் நாச்சிமுத்து.

"வெளியிலதான்."

"சிம்னி எங்க இருக்குது?"

"அதுவும் வெளியிலதான்."

"உள்ள இருக்கறவன வெளிய போன்னா வெளிய போவான். வெளிய இருக்கறவன வெளிய போன்னா?"

குப்பணன் காதிலிருந்த தக்காளியை எடுத்துப் போட்டுவிட்டுச் சொன்னான்: "அவன் ஏற்கெனவே வெளிய வந்துட்டானுங்ணா. இனிப் போறதுன்னா உள்ளதான் போகோணும்."

நாச்சிமுத்து தம்பியைக் கட்டிக்கொண்டான். குழாயைப் படிக்கட்டு வழியாக இறக்கி, அதன் வாயைச் சமையலறைக்குள் விட்டார்கள். பிறகு, அடுப்பு கீழே, சிம்னி மேலே இருந்தால் புகை எப்படிச் சேரும் என்ற பெரிய கேள்வியும் நாச்சிமுத்துவுக்கே தோன்றியது. அது அவன் வாழ்க்கையில் ஒரு முக்கியமான நாள். அடுப்பையும் சிலிண்டரையும் மாடிக்குத் தூக்கிக் கொண்டுபோய்ச் சிம்னிக்கு அடியில் ஒரு பெஞ்சின்மேல் அடுப்பை வைத்தார்கள்.

வெள்ளிக்கிழமை பத்தரை பஸ்ஸில் துளசிமணி வந்து இறங்கினாள். விசிறியைப் போட்டாள், ஓடவில்லை.

"கரண்டு இல்லீங்களா?"

"நேத்து மெயின் சுச்சை அணைச்சேன். அப்பயிருந்து வெக்கத்துல கெடக்குது" என்றான் நாச்சிமுத்து.

"எப்படி அணைச்சீங்க?"

அவன் கையை விரித்துக் காட்டினான். துளசிமணி இடுப்பில் கை வைத்துக்கொண்டு புருஷனை மேலும் கீழும் பார்த்தாள். "ஒம்பது வருசமாச்சு. என்னைய ஒரு நாள் அப்படி அணைச்சிருப்பீங்களா?" என்று சொல்லிவிட்டுப் போய்ப் பிடியைத் தூக்கிவிட்டாள். கரண்டு வந்தது. சமையலறையில் அடுப்பு இல்லை. மாடிக்கு ஏறினாள்.

வானத்தின் கீழே அடுப்பு. அதற்கு மேலே சிம்னி. பக்கத்தில் ஒரு கையைத் தூக்கிக்கொண்டு பொங்கியண்ணன். அந்த வீட்டில் ஒன்பது வருஷம் இருந்தவளுக்கு எதைக் கேட்கக் கூடாது என்று தெரியும். படிக்கட்டுக் கூண்டிலிருந்த பிளக்கில் சிம்னியைச் செருகிப் போட்டாள், அடுப்பைப் பற்றவைத்தாள், வாணலியில் எண்ணெய் ஊற்றினாள். குப்பணன் கறிவேப்பிலை எடுக்கக் கீழே ஓடினான்.

கடுகு வெடித்தது. மிளகாய் விழுந்தது. கீழே வேப்பமரத்தடியில் பஸ் திரும்பி நின்று ஆரன் அடித்தது.

நாச்சிமுத்து கைப்பிடிச் சுவர் வழியாக எட்டிப் பார்த்தான். பஸ் போக மாட்டேன் என்கிறதே! அவளை ஏற்றிக்கொண்டு போகத்தான் நிற்கிறதோ? மறுபடியும் ஆரன். அப்போது இருமல் சத்தம் கேட்டது. பெரிய இருமல், தொடர்ந்து நாலு இருமல். நாச்சிமுத்து கண்ணை இறுக மூடிக்கொண்டான். "தீவாளிக்கு இன்னும் எத்தன மாசம்டா" என்று தம்பியைக் கேட்டான்.

"ஏனுங், கண்ணத் தொறங்க. நான் எங்க இருமினேன்?" என்றாள் துளசிமணி. அவள் மூச்சு சீராக இருந்தது. காற்று ஜிலுஜிலுவென்று அடித்தது. "கொழுந்தனாரே, நீங்க எதுக்குக் கையத் தூக்கிட்டு நிக்கறீங்க? யாரோ ஏற வாராங்கன்னு டிரைவர் காத்துட்டிருக்கறாரு பாருங்க. கீழ போடுங்க."

"போட்டா மூணு அடி ஆயிருமுங் அண்ணி."

"இங்க அடுப்பு மேல போடாதீங்க. அந்தப் பக்கம் திரும்பிப் போடுங்க."

ஒரு நாள் முழுக்கத் தோன்றாத யோசனை! பொங்கியண்ணன் திரும்பி நின்று கையை இறக்கினான். டிரைவர் திட்டிக்கொண்டே பஸ்ஸை எடுத்தார். பஸ் கண்ணுக்கு மறைகிறவரை பார்த்துவிட்டு, நாச்சிமுத்து சிம்னிக்குக் கற்பூரம் காட்டினான். அந்தப் புகையையும் அது மிச்சம் வைக்காமல் பிடித்துக்கொண்டது.

சற்றுப் பொறுத்துக் குப்பணன் இருமிக்கொண்டே, கண் சிவந்து, கையில் கறிவேப்பிலையோடு படியேறி வந்தான்.

மறுநாள் சனிக்கிழமை, சொன்னபடி மெக்கானிக் வந்தார். மாடியில் துளசிமணி பாட்டுப் பாடிக்கொண்டு குழம்பு தாளித்துக்கொண்டிருந்தாள். கீழே சமையலறைக்குள் மூன்று பேரும் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, புகைக்கு நடுவே காலைச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சாப்பிடுகிற இடம் எப்போதும் அதுதானே.

"சிம்னிய எங்கீங்க மாட்டோணும்?" என்று வாசலிலிருந்தே கேட்டார் மெக்கானிக்.

"அதெல்லாம் மாட்டியாச்சுங். அருமையா வேல செய்யுது" என்று இருமலுக்கு நடுவே சொன்னான் நாச்சிமுத்து. "நீங்க ஒடனே கடைக்குப் போயி இன்னொரு சிம்னி எடுத்துட்டு வாங்க. சமையக்கட்டுல பொகை தாங்கல."