நட்டு உட்காரும் இடம்

சூசைமரியானுக்கு வயது அறுபத்து நான்கு. அவருடைய குரு பேச்சித்தாய்க்கு முப்பத்திரண்டு. அவள் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கார்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் ஷெட் வைத்திருந்தாள். முதலில் கேலிக்காகத்தான் அவளை "டீச்சர்" என்று கூப்பிட ஆரம்பித்தார். கேலி எப்போது உதிர்ந்ததென்று அவருக்கே தெரியாது.

அவர் மகள் ரெஜினா, மூன்று மாதக் குழந்தையோடு கோயம்புத்தூருக்குக் கிளம்புவதாக இருந்தாள். பின் சீட்டில் குழந்தையை வைத்துக்கொள்ள மாமியார். வண்டியை ரெஜினாவே ஓட்டுகிறாள்.

அதைக் கேட்ட நாளிலிருந்து சூசைமரியானுக்குச் சோறு இறங்கவில்லை. மகளைத் தடுத்துப் பார்த்தார், நடக்கவில்லை. கடைசியில் அவள் காரில் கீறல் விழுந்து கிடந்த அலாய் வீல்களைப் பிடித்துக்கொண்டார்.

"டீச்சர், எத்தனை கோட் அடிச்சா பத்திரம்?"

"பிரைமர் ரெண்டு, கலர் மூணு, கிளியர் ரெண்டு. அதுக்கு முந்தி நல்லாத் தேய்க்கணும்."

"அதுக்கு மேலயும் அடிச்சா?"

பேச்சித்தாய் சிரித்தாள். "அடிச்சுப் பாருங்க அண்ணாச்சி."

அடித்தார். ஒரு வாரம் வாசலிலேயே குந்தியிருந்து உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். டயரில் பெயிண்ட் படாமலிருக்க, மகளின் கல்யாணத்தில் மிஞ்சிய பத்திரிகைகளை டயருக்கும் வீலுக்கும் நடுவே சுற்றிலும் செருகினார்.

"மாப்பிள்ளை பேரு மேலயே அடிச்சு வச்சிருக்கீங்க. சம்பந்தியம்மா வந்து பாத்தா நல்லா இருக்கும்" என்றாள் மனைவி லூர்து.

"பேரு போனாப் போகுது. வீலு நல்லா இருக்கணும்."

கிளம்புவதற்கு முந்தின நாள் காலை பேச்சித்தாய் பார்க்க வந்தாள். நான்கு வீலும் மாட்டப்பட்டு, கண் கூசுகிற மாதிரி மின்னின. அவள் குனிந்து ஒரு நட்டைக் கழற்றி, அது உட்காரும் குழிக்குள் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தாள். உள்ளேயும் வெள்ளி நிறம்.

"இங்கயும் அடிச்சீங்களா?"

"விடுவேனா? எண்ணி ஒம்போது கோட்டு. ஒரு இண்டு இடுக்கு விடல."

அவள் நட்டைத் திரும்பப் போட்டு, ஸ்பேனரை நீட்டினாள். "எல்லாத்தையும் முடுக்குங்க."

கழுத்து நரம்பு புடைக்க முடுக்கினார். "இனி யானை வந்தாலும் அசையாது."

"வாங்க, மெதுவா பைபாஸ் வரைக்கும் போயிட்டு வருவோம்."

போனார்கள், வந்தார்கள்.

"இப்ப ஒருக்க ஸ்பேனரை வைங்க."

வைத்தார். நட்டு இன்னும் கால் சுற்று சுற்றியது. அடுத்ததும் அப்படியே. மூன்றாவதைத் தொடாமல் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நான் நல்லாத்தானே டீச்சர் முடுக்குனேன்?"

"நீங்க பெயிண்ட்டை முடுக்குனீங்க அண்ணாச்சி. பெயிண்ட் நசுங்குச்சு. நட்டு லூசாயிட்டு."

உள்ளே குழந்தை அழுதது. ரெஜினா ஏதோ பாடிச் சமாதானப்படுத்துவது கேட்டது. சூசைமரியான் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை.

வீல்களைக் கழற்றினார்கள். குழி குழியாக உப்புத்தாளைச் சுருட்டி விட்டுத் தேய்த்து, வீலின் பின்பக்கம் வண்டியோடு ஒட்டுகிற இடத்தையும் சுரண்டினார்கள். மதியச் சாப்பாட்டுக்கு லூர்து இரண்டு முறை கூப்பிட்டாள்.

"இந்த இடத்த மட்டும் எப்படி வெறுமனே விடறதுன்னு மனசு கேக்கல" என்றார்.

"எல்லாத்தையும் மூடிட்டா அப்புறம் எங்க பிடிக்கும்?"

அவர் வெகுநேரம் தேய்த்துக்கொண்டே இருந்தார். அடியில் மங்கிய உலோகம் தெரிந்தது.

சாயங்காலம் மறுபடி மாட்டி, முடுக்கி, பைபாஸ் வரை போய் வந்தார்கள். இந்த முறை ஒரு நட்டும் அசையவில்லை.

"இனி கழலாதுல்ல டீச்சர்?"

"அம்பது கிலோமீட்டர் போனதும் வண்டிய நிறுத்தி ஒருக்க முடுக்கிப் பாக்கணும். கழத்தி மாட்டுன வீலுக்கு எப்பவும் அப்படித்தான்."

"அப்ப நானும் கூடப் போயிருதேன். முன் சீட்டு காலியாத்தானே இருக்கு?"

பேச்சித்தாய் ஸ்பேனரைத் துணியால் துடைத்து அவர் கையில் வைத்தாள்.

"இத உங்க மக கிட்டக் குடுங்க அண்ணாச்சி. எந்தப் பக்கம் முடுக்கணும்னு காட்டுங்க."