பாறைக் குழியில் வளர்ந்த விரால் குஞ்சுகள்

அந்தக் காலத்தில், மீன்களுக்கும் பேச்சு இருந்தபோது, ஓர் ஏரியில் வரியன் என்ற ஆண் விராலும் கரியாள் என்ற பெண் விராலும் குடித்தனம் நடத்தின. ஒரு முறை கரியாள் இட்ட முட்டைகளில் பாதி கரையோரக் கோரைக்குள் தங்கின. மீதியை வரியன் வாயில் அள்ளிப்போய், ஏரியை ஒட்டித் தண்ணீர் தேங்கியிருந்த வழவழப்பான பாறைக் குழியில் விட்டது.

"கோரையில தவளை, ஆமை, நண்டுன்னு ஓயாத தொல்லை. என் பிள்ளைங்களுக்கு எதுக்கு அந்தக் கஷ்டம்?" என்றது.

"ஒண்ணையும் பார்க்காம வளர்ந்தா விவரம் எப்படிங்க வரும்?"

"நம்ம ரத்தம்டி! விவரம் தானா வரும்."

அப்பன்மார்களுக்கு இந்த நம்பிக்கை எப்போதும் உண்டு. அது முழுப் பொய்யும் இல்லை. யாரும் சொல்லித்தராமலே குழிக் குஞ்சுகள் மேலே வந்து காற்றைக் குடித்தன. நிழல் விழுந்தால் திடுக்கிட்டன. கொழுகொழுவென்று வளர்ந்தன. கோரைக் குஞ்சுகளோ வால் கிழிந்து நோஞ்சான்களாகத் திரிந்தன. வரியனுக்குப் பெருமை தாங்கவில்லை.

அடைமழையில் ஏரி பெருகிக் குழியை மூடியது. இப்போது எல்லாம் ஒரே தண்ணீர். ஆனாலும் குழிக் குஞ்சுகள், இல்லாத சுவர் இன்னும் இருப்பதுபோல அங்கேயே வட்டமடித்தன.

ஒரு நாரை வந்து நின்றது. நிழல் விழுந்ததும் எல்லாக் குஞ்சுகளும் ஒரே மாதிரிதான் பதறின. கோரைக் குஞ்சுகள் தண்டுகளுக்குள் மறைந்தன. மற்றவற்றுக்குப் பதறத் தெரிந்தது, எங்கே ஓடுவதென்று தெரியவில்லை. பழைய வட்டத்தையே வேகமாகச் சுற்றின. நாரை நின்ற இடத்திலிருந்தே கொத்தித் தின்றது.

"அப்பா, எங்கப்பா போறது?" என்று ஒரு குஞ்சு அலறியது. வரியன் பதறிக் குழியையே சுற்றிச்சுற்றி வந்தது.

கரியாள்தான் பாய்ந்தது. அடியிலிருந்து தலையால் முட்டி முட்டி, மிஞ்சியவற்றைக் கோரைக்குள் தள்ளியது. நாரையின் அலகு முதுகில் இறங்கியும் விடவில்லை.

பிழைத்தவை ஒரு கைப்பிடி இருக்கும். கோரைத் தண்டு மேலே பட்டதற்கே பயந்து அழுதன, பாவம். கரியாள் வரியனைத் திட்டவில்லை.

"அடுத்த தடவை எல்லாரையும் கோரையிலேயே வளர்ப்போம். அதுங்க மேல திரியட்டும், நாம அடியில நிப்போம்" என்றது.

அன்று முதல்தான் விரால், செடிகொடி மண்டிய கரையோரமாகப் பார்த்துக் குஞ்சு வளர்க்கிறது. தண்ணீர்மேல் சிவப்பாகக் குஞ்சுக் கூட்டம் கொப்பளித்தால், அடியில் தாயும் தகப்பனும் நிற்கும். நாரையின் நிழல் விழுந்ததும் பிள்ளைகளை முதலில் முட்டித் தள்ளுவது தகப்பன்தான்.