சாடியின் பிடியில் இருந்த முகம்

முசிறித் துறையில் லூக்கன் என்கிற யவன வணிகன் விருந்து வைத்தால் வெண்கலச் சாடி வெளியே வரும். உடம்பெல்லாம் திராட்சைக் கொடி. பிடியின் உச்சியில் ஒரு தாடிக்காரன் முகம். அது ஊற்றுகிறவனையே பார்த்துக்கொண்டிருக்கும்.

அந்தச் சாடியை வேலையாள் தொடமாட்டான். விருந்தினரில் ஒருவனைத் தேர்ந்து லூக்கன் கையில் கொடுப்பான். யார் கிண்ணத்தில் மது எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்பது அவன் பாடு. பெரிய மரியாதை அது.

போன விருந்தில் அது இளநாகனுக்குக் கிடைத்தது. அவனோடு ஒரே ஆசானிடம் பாட்டுப் படிக்கும் காரியாதனுக்கு அன்று முதல் சோறு இறங்கவில்லை.

"அவனிடம் என்னத்தைக் கண்டார்கள், ஆசானே? தாளமே எனக்குப் பிறகுதான் அவனுக்குப் பிடிபட்டது."

"சாடி வேண்டும் உனக்கு."

"சாடிக்காக இல்லை..."

"வேண்டுமா, வேண்டாமா?"

"வேண்டும்."

ஆசான் லூக்கனிடம் சொல்லிவைத்தார். அடுத்த விருந்தில் சாடி காரியாதன் கைக்கு வந்தது. சாப்பாடு முடிந்ததும் அவனும் இளநாகனும் பாடவேண்டும். நன்றாகப் பாடுகிறவனுக்கு லூக்கனின் கப்பலில் இடம். கடல் கடந்து போகலாம்.

காரியாதன் எல்லோருக்கும் தாராளமாக ஊற்றினான். தனக்கு இன்னும் தாராளம். இளநாகன் முறை வந்தது.

'உனக்கா நல்ல மது?'

கட்டைவிரலை வெண்கல முகத்தின்மேல் வைத்து அழுத்திக்கொண்டு, சாடியைச் சாய்ப்பதுபோல் சாய்த்தான். விழுந்தது நாலு சொட்டு. மீதி தண்ணீர். ஒவ்வொரு சுற்றிலும் இதே கதை.

இளநாகன் வாயைத் துடைத்துக்கொண்டான். "யவனர் மது ரொம்பச் சாது, காரி! இதற்கா இத்தனை பேச்சு?"

ஆசான் தூணில் சாய்ந்து மீன் தின்றுகொண்டிருந்தார்.

பாடும் வேளை வந்தது. காரியாதனுக்கு நாக்கு தடித்துப்போயிருந்தது. மூன்றாம் அடி வரவேண்டிய இடத்தில் முதல் அடி வந்து நின்றது. யாரோ சிரித்தார்கள். பிறகு இளநாகன் பாடினான். ஒரு எழுத்து பிசகவில்லை. லூக்கன் எழுந்து வந்து அவனைக் கட்டிக்கொண்டான்.

வெயில் தாழத் தாழ ஆசானும் காரியாதனும் கரையோரம் திரும்பி நடந்தார்கள்.

"அநியாயம், ஆசானே! அவன் தெளிவாக இருந்ததே என்னால்தான். நான் அவனுக்கு ஊற்றியது வெறும் தண்ணீர்!"

"போய்ச் சொல். கும்பிடுவான்."

காரியாதன் நின்றுவிட்டான். "அதை எப்படிச் சொல்வது?"

"ஏன்?"

"யாருமே பார்க்கவில்லையே. நானாகப் போய்ச் சொல்வதா?"

"கையைக் காட்டு."

நீட்டினான். கட்டைவிரலில் சிவப்பாக ஒரு தடம், இன்னும் மறையாமல். ஒரு மூக்கு. இரண்டு குழிகள். கொஞ்சம் தாடி.

ஆசான் பிடித்துப் பார்த்தார். கையை விட்டார்.

"இவ்வளவு அழுத்தியா மூடினாய் அந்தத் தாடிக்காரன் கண்ணை?"